தட்டையா, புடைப்பா? போன் ஐகான்களில் என் கட்சி

போன் மாற்றினால் என் முதல் வேலை ஹோம் ஸ்கிரீனை ஒழுங்கு பண்ணுவது. இந்த முறை மூன்று வழி இருந்தது. போனோடு வரும் தட்டையான வண்ண ஐகான்கள் ஒன்று. எல்லா ஐகானையும் வால்பேப்பரின் நிறத்துக்கே மாற்றிவிடும் ‘தீம்டு ஐகான்’ இரண்டாவது. மூன்றாவது, பழைய ஐபோன் பாணியில் பளபளப்பும் நிழலும் வைத்துப் புடைப்பாக வரைந்த ஒரு ஐகான் பேக், அதாவது போனின் ஐகான்களுக்குப் பதிலாகப் போட்டுக்கொள்ளும் தொகுப்பு. மூன்றையும் போட்டுப் பார்த்துவிட்டுத் தட்டை வண்ணத்திலேயே நின்றுவிட்டேன். தட்டை என்றாலே முகம் சுளிக்கும் நண்பர்கள் எனக்கு உண்டு. அவர்களோடு போட்ட சண்டையின் சுருக்கம் இது.

பழைய கதை பலருக்கும் தெரிந்ததுதான், வேகமாகக் கடந்துவிடலாம். ஐபோனை இயக்கும் மென்பொருளான iOSல், ஆறாம் பதிப்பான iOS 6 வரை ஆப்பிள் எல்லாவற்றையும் நிஜப் பொருள் மாதிரியே வரைந்தது. நோட்ஸ் என்றால் கோடு போட்ட மஞ்சள் தாள், ஐபுக்ஸ் என்றால் மர அலமாரி, கேம் சென்டர் என்றால் பச்சைத் துணி விரித்த மேஜை. 2010ல் வந்த விண்டோஸ் போன் 7 நேர் எதிர்: நிறச் சதுரம், அதன்மேல் வெள்ளைக் கோட்டுருவம், எழுத்து, அவ்வளவுதான். அந்தப் போன் சந்தையில் தோற்றது, அதன் தோற்றம் மட்டும் ஜெயித்தது. 2012 அக்டோபரில் iOSக்குப் பொறுப்பாக இருந்த ஸ்காட் ஃபார்ஸ்டால் ஆப்பிளை விட்டு விலகும் செய்தி வந்தது. அதுவரை ஆப்பிள் கருவிகளை வடிவமைத்துவந்த ஜானி ஐவ் பொறுப்புக்கு மென்பொருளின் தோற்றமும் போனது. அடுத்த ஆண்டே iOS 7 எல்லாவற்றையும் தட்டையாக்கியது. 2014ல் கூகுள் தன் ஆப்களின் தோற்றத்துக்கான விதித்தொகுப்பாக மெட்டீரியல் டிசைனைக் கொண்டுவந்தது. 2016ல் இன்ஸ்டாகிராம் தன் பழைய கேமரா படத்தைத் தூக்கிவிட்டு, ஊதாவும் ஆரஞ்சும் கலந்த பின்னணியில் ஒரு வெள்ளைக் கோட்டுருவத்தை வைத்தது. அன்றைக்கு எழுந்த கூச்சல் பலருக்கு நினைவிருக்கும்.

புடைப்பு ஐகான்களில் இருந்த கைவேலையை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன். iOS 6 கேமரா ஐகானைப் பெரிதாக்கிப் பாருங்கள். லென்ஸின் கண்ணாடிக்குள் ஒளி எப்படி விழும் என்று யோசித்து வரைந்திருப்பார்கள். ஐபோன் 4ல் அங்குலத்துக்கு 326 புள்ளிகள் கொண்ட திரை வந்தபோது அந்த நுணுக்கமெல்லாம் கண்ணுக்குத் தெரியவும் செய்தது. அதன் பக்கத்தில் iOS 7ன் கேமரா ஐகான், சாம்பல் பின்னணியில் ஒரு கறுப்புப் படம். அழகுப் போட்டி என்றால் பழையதுக்குத்தான் என் ஓட்டு.

ஆனால் ஹோம் ஸ்கிரீனை நாம் அழகு பார்க்கவா திறக்கிறோம்?

தட்டைக்கு எதிராக வைக்கும் வாதங்களில் வலுவானது ஒன்றுதான்: எதைத் தொடலாம், எது வெறும் அலங்காரம் என்று தெரியாமல் போய்விடுகிறது என்பது. இதற்கு ஆதாரமாக இணையப் பக்கங்களை மக்கள் எப்படிப் பயன்படுத்துகிறார்கள் என்று ஆராயும் நீல்சன் நார்மன் குழுமம் 2017ல் வெளியிட்ட ஆய்வைக் காட்டுவார்கள். எதைச் சொடுக்கலாம் என்ற அடையாளம் மங்கலாக இருந்த பக்கங்களில், தேடியதைக் கண்டுபிடிக்க மக்களுக்கு 22 சதவீதம் கூடுதல் நேரம் ஆனது. ஆய்வில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் அவர்கள் சோதித்தது இணையப் பக்கங்களில் இருக்கும் பட்டன்களையும் இணைப்புகளையும். iOS 7ல் பட்டன்களின் ஓரத்தை எடுத்துவிட்டு வெறும் நீல எழுத்தாக விட்டார்களே, அதற்கு இந்த வாதம் கச்சிதமாகப் பொருந்தும். ஆப்பிளே மறு ஆண்டு 7.1ல், வேண்டுமென்றால் பட்டன்களுக்கு வடிவம் வைத்துக்கொள்ளும் வசதியைக் கொடுத்தது.

ஹோம் ஸ்கிரீன் கதை வேறு. அங்கே இருக்கும் ஐகான் எல்லாமே தொடத்தான் வைத்திருக்கிறது, அதில் யாருக்கும் சந்தேகம் கிடையாது. இருபது ஐகானில் எனக்கு வேண்டியது எது என்பதுதான் அங்கே கேள்வி. அதற்கு நிழலும் பளபளப்பும் ஒரு உதவியும் செய்வதில்லை. உதவுவது இரண்டு: நிறம், உருவத்தின் புறக்கோடு. பஸ் ஸ்டாண்டில் நம்மூர் பஸ்ஸைத் தூரத்திலேயே அடையாளம் கண்டுகொள்கிறோமே, எழுத்தைப் படித்தா கண்டுபிடிக்கிறோம்?

ஐபோனிலேயே சாட்சி இருக்கிறது. அழைப்பு ஐகான் iOS 6ல் பச்சை, வெள்ளை ரிசீவர், மேலே பளபளப்பு, பின்னால் சாய்ந்த கோடுகள். iOS 7ல் அதே பச்சை, அதே ரிசீவர், பளபளப்பும் கோடுகளும் மட்டும் இல்லை. மெசேஜஸ் ஐகானும் பச்சை. வாட்ஸ்அப்பும் பச்சை, அதற்குள்ளும் ஒரு வெள்ளை ரிசீவர். புடைப்புக் காலத்திலும் இந்த மூன்றும் ஒன்றைப்போல் ஒன்று இருந்தன, தட்டைக் காலத்திலும் அப்படித்தான் இருக்கின்றன. மேற்பரப்பை எப்படி வரைந்தாலும் இந்தக் குழப்பம் தீராது.

அப்படியென்றால் இன்றைக்குப் பலருக்கும் எல்லா ஐகானும் ஒன்றுபோலத் தெரிவது ஏன்? தட்டையின்மேல் சுமத்தும் பழியில் பெரும்பங்கு வேறு இரண்டு முடிவுகளுக்குப் போக வேண்டியது.

முதலாவது, ஆண்ட்ராய்டு 8.0. அதுவரை ஆண்ட்ராய்டில் ஐகான் எந்த வடிவத்திலும் இருக்கலாம். ஒன்று உறை மாதிரி, ஒன்று முக்கோணம், ஒன்று வட்டம். ஒழுங்கு கொஞ்சம் குறைவு, ஆனால் கண் தேடாமலே போய் நிற்கும். 2017ல் வந்த 8.0 ஒரு மாற்றம் செய்தது. ஐகானை முன், பின் என்று இரண்டு அடுக்காகக் கொடுத்துவிட வேண்டும், போன் நிறுவனம் வட்டமோ சதுரமோ தன் இஷ்டத்துக்கு வெட்டிக்கொள்ளும். வரிசை நேர்த்தியானது. ஆனால் எல்லாப் புறக்கோடும் ஒரே கோடாகிவிட்டது.

இரண்டாவது, 2020ல் கூகுள் தன் ஆப்களுக்குச் செய்த நிற மாற்றம். வெள்ளை உறையில் சிவப்பு M ஆக இருந்த ஜிமெயில் நான்கு நிற M ஆனது. நீலமாக இருந்த காலண்டர், நான்கு நிறச் சட்டம் போட்ட வெள்ளைச் சதுரம் ஆனது. பச்சையாக இருந்த மீட் நான்கு நிற வீடியோ கேமரா ஆனது. டிரைவ் முக்கோணத்தில் பழைய மூன்று நிறத்தோடு ஒரு துளி சிவப்பும் சேர்ந்தது. நான்கையும் ஒரே வரிசையில் வைத்துவிட்டு, கையை நீட்டிப் போனைக் கொஞ்சம் தள்ளிப் பிடித்துப் பாருங்கள். வெள்ளை வட்டத்துக்குள் கலர் கலராக ஏதோ இருக்கிறது என்பதற்குமேல் எனக்கு ஒன்றும் தேறுவதில்லை. அதே நான்கு நிறத்தோடுதான் கூகுள் மேப்ஸின் குண்டூசியும் இருக்கிறது. அதை மட்டும் ஒரு நாளும் தவறவிட்டதில்லை. தலை உருண்டு கால் கூர்ந்த அந்த வடிவம் வேறெந்த ஆப்பிலும் இல்லையே. மேப்ஸும் தட்டை, மீட்டும் தட்டை. ஒன்று சட்டெனப் பிடிபடுகிறது, மற்றது நழுவுகிறது.

இந்த நோய் முற்றிய நிலைதான் தீம்டு ஐகான். ஆண்ட்ராய்டு 12ல் கூகுளின் சொந்த ஆப்களோடு தொடங்கி, 13ல் மற்ற ஆப்களுக்கும் திறந்துவிட்டார்கள். 2024ல் iOS 18ம் ஒரே நிறச் சாயம் பூசும் வசதியோடு வந்தது. பார்க்க அவ்வளவு அமைதியாக இருக்கும், ஸ்கிரீன்ஷாட் எடுத்துப் போட்டால் லைக் குவியும். தம்பி மகன் ஆசையாக என் அப்பாவின் போனில் அதைப் போட்டுவிட்டுப் போனான். அப்பா கண்ணாடியைத் தூக்கிவிட்டுக்கொண்டு கேட்டார்: “டேய், அந்தப் பச்சைய எங்கடா காணோம்?” அவருக்கு ஆப்களின் பெயரே தேவைப்பட்டதில்லை. பச்சை, சிவப்பு, ‘அந்த உருண்டை’ என்று நிறத்தாலும் வடிவத்தாலும்தான் போன் அவருக்குப் பழக்கம். நிறத்தை எடுத்ததும் கடைசி வரிசையில் இடமிருந்து இரண்டாவது என்று இடத்தை வைத்துத் தேட ஆரம்பித்தார். இடம் மாறினால் அதுவும் போச்சு. இருபது வயதுக் கண்ணுக்கு இது ஒரு சிக்கலாகவே தோன்றாமல் இருக்கலாம்.

சரி, புடைப்பு ஐகான் பேக்? அதில் என்னைத் தோற்கடித்தது பராமரிப்பு. பேக் செய்பவர் வாட்ஸ்அப், யூடியூப், ஜிமெயில் எல்லாம் மரமும் தோலும் கண்ணாடியுமாக வரைந்திருப்பார். நம்மூர் கூட்டுறவு வங்கி ஆப்புக்கும் மின்கட்டணம் கட்டும் ஆப்புக்கும் யார் வரைவார்கள்? அவை மட்டும் தட்டையாகவே பல்லிளித்துக்கொண்டு நிற்கும். ஆப் செய்பவர்கள் பக்கமும் கொஞ்சம் நியாயம் உண்டு. ஆண்ட்ராய்டில் ஒரே ஐகான் 48 புள்ளி அகலத்திலிருந்து 192 வரை ஐந்து அளவில் போக வேண்டும். 192ல் அழகாக இருக்கும் தோல் தையல் 48ல் வெறும் அழுக்காகத்தான் தெரியும். அதனால் சின்ன அளவுக்குத் தனியாகத் திருத்தி வரைய வேண்டும். தட்டை உருவத்தை ஒருமுறை கோடாக வரைந்துவிட்டால் எந்த அளவுக்கும் இழுத்துக்கொள்ளலாம்.

2025ல் iOS 26 கொண்டுவந்த ‘லிக்விட் கிளாஸ்’ பற்றியும் கேட்பார்கள். ஐகானுக்குக் கண்ணாடி அடுக்கு, ஓரத்தில் மினுமினுப்பு, போனைச் சாய்த்தால் ஒளி நகர்வது எல்லாம் உண்டு. நண்பர் போனில் கொஞ்ச நேரம் பார்த்ததோடு சரி, தினம் புழங்கவில்லை. அதனால் இதில் என் பேச்சை அரைப் பங்காக எடுத்துக்கொள்ளுங்கள். வண்ணத்தோடு இருக்கும்போது தேடுவதில் எனக்கு எந்த வித்தியாசமும் தெரியவில்லை. நிறமே இல்லாத கண்ணாடி ஐகானாக மாற்றிக் காட்டியபோது, தீம்டு ஐகானில் பட்ட அதே அவதிதான்.

இப்போது என் போனில் தீம்டு ஐகான் அணைத்திருக்கிறது. கூகுள் ஆப்களில் ஜிமெயிலும் மேப்ஸும் மட்டும் முதல் பக்கத்தில் இருக்கின்றன. காலண்டரைத் தேதி காட்டும் விட்ஜெட்டாக வைத்துவிட்டேன். மீட், டிரைவ் இரண்டும் இரண்டாம் பக்கத்தில் தனித்தனி மூலையில் இருக்கின்றன. அப்பா போனில் பச்சை திரும்ப வந்துவிட்டது, அவருக்கு அது போதும்.