செம்பு வயர் என்று சொல்லி அலுமினியத்தைத் தலையில் கட்டிவிட்டார்கள்: 64,500 ரூபாய் போச்சு

வீட்டுக்கு வயரிங் செய்யப்போகிறவர்கள் தயவுசெய்து இதை ஒரு தடவை முழுசாகப் படித்துவிடுங்கள். செம்பு வயர் என்று சொல்லி, மேலே மெல்லிய செம்புத் தோல் மட்டும் போர்த்திய அலுமினிய வயரை எங்களுக்கு விற்றுவிட்டார்கள். 64,500 ரூபாய். அதுவும் வயருக்கு மட்டும். பைப்பில் இழுத்த கூலி, இப்போது எல்லாவற்றையும் திரும்ப உருவுகிற கூலி எதுவும் இதில் சேரவில்லை.

கட்டுமானப் பொருள்களை மொத்த விலைக்குத் தருகிறோம் என்று விளம்பரம் செய்யும் ஒரு இணையதளத்தில் கடை விரித்திருக்கும் வியாபாரி அவர். பெயரை இப்போது போடவில்லை, புகார் நடந்துகொண்டிருக்கிறது. அதோடு, இந்தப் பெயரை மூடிவிட்டு நாளைக்கே வேறு பெயரில் திறப்பார்கள். எப்படி ஏமாற்றுகிறார்கள் என்பதுதான் உங்களுக்குத் தெரிய வேண்டும்.

ஆர்டர் போடுவதற்கு முன்னால் அவரே வீடியோ காலில் வந்தார். நான் கேட்கக்கூட இல்லை. சுருளிலிருந்து ஒரு சாண் நீளம் வெட்டி, லைட்டரைப் பற்றவைத்து வயருக்கு அடியில் பிடித்தார். உறை கருகியது, புகைந்தது. லைட்டரை எடுத்ததும் தீ தானாக அணைந்துவிட்டது. "பாத்தீங்களா அக்கா, எஃப்ஆர் வயர். பிள்ளைங்க தூங்குற வீடு, தப்பான பொருளை நான் தருவேனா?" என்றார். அப்புறம் முனையைச் சீவி, இழைகளை விசிறி மாதிரி விரித்து கேமராவுக்குப் பக்கத்தில் கொண்டுவந்து காட்டினார். செக்கச்செவேல் என்று மின்னியது. ஆய்வுக்கூடச் சான்றிதழ் என்று ஒரு பிடிஎஃப் வந்தது. பெட்டியில் '100% காப்பர்' என்று பெரிய எழுத்து. அன்றைக்கே பணம் அனுப்பினோம்.

அந்த லைட்டர் வித்தையை இப்போது நினைத்தாலும் வயிறு எரிகிறது. எஃப்ஆர் என்பது உறையின் குணம். தீ வயர் வழியாகப் பரவாமல் தடுக்கப் பிவிசியில் சில பொருள்கள் சேர்த்திருக்கிறார்கள், அவ்வளவுதான். உள்ளே ஓடுவது செம்பா, அலுமினியமா, சொன்ன அளவு இருக்கிறதா என்பதற்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை. நல்ல உறைக்குள் எந்தக் குப்பையை வைத்தாலும் அந்தச் சோதனையில் பாஸ் ஆகிவிடும். இழை சிவப்பாகத் தெரிவதும் அப்படித்தான், கண்ணுக்குப் படுவது மேல்தோல் மட்டும். இதெல்லாம் நன்றாகத் தெரிந்துதான் அந்த இரண்டையும் காட்டினார்.

விஷயம் வெளியே வந்தது வாட்டர் ஹீட்டர் பாயிண்டில். பிளாஸ்டிக் கருகுகிற வாடை. சுவிட்ச் பிளேட்டைத் தொட்டால் சுட்டது. வயரிங் செய்த தம்பியைக் கூப்பிட்டோம். மெயினை அணைத்துவிட்டு பிளேட்டைக் கழற்றினார். டெர்மினலுக்கு, அதாவது வயரை ஸ்க்ரூவால் இறுக்குகிற இடத்துக்குப் பக்கத்தில் உறை பழுப்பு நிறமாகி, விறைத்துப்போய், வளைத்ததும் பொறுபொறுவென்று உதிர்ந்தது. அவரே இறுக்கிய ஸ்க்ரூ, டெஸ்டரை வைத்ததும் லொடலொடவென்று சுற்றியது. ஒரே ஒரு இழையைப் பிரித்து எடுத்து கத்தி முனையால் சுரண்டினார். சிவப்பு போய் உள்ளே வெள்ளை. இப்படியும் அப்படியும் சில தடவை மடக்கியதும் பட்டென்று ஒடிந்தது. அதன் மேல் லைட்டரைப் பிடித்தால் இழை துவண்டு உருகி விழுந்தது. பையில் கிடந்த பழைய செம்பு இழையையும் அதே தீயில் காட்டினார். அது தணல்போலச் சிவந்ததே தவிர உருகவில்லை. அலுமினியம் 660 டிகிரி செல்சியஸில் உருகும், செம்பு உருக 1,085 டிகிரி வேண்டும். "அக்கா, இது செம்பே இல்ல" என்றார்.

பிரிக்காத சுருள் ஒன்று மிச்சம் இருந்தது. 2.5 சதுர மில்லிமீட்டர், 100 மீட்டர் என்று எழுதியிருந்தது. கணக்குப் போட்டால் அதில் இருக்க வேண்டிய செம்பு மட்டுமே சுமார் 2.2 கிலோ. உறை தனி. எங்கள் சுருள் உறையோடு சேர்த்தே 2 கிலோ வரவில்லை. தராசு ஒன்றே போதும், திருட்டு தெரிந்துவிட்டது. அப்புறம் தம்பி சுருளின் இரண்டு முனையிலும் மீட்டரை வைத்து மின்தடையைப் பார்த்தார். ஐஇசி 60228 என்ற சர்வதேசத் தரப்படி, நுண்ணிழைகள் கொண்ட 2.5 சதுர மில்லிமீட்டர் செம்பு வயருக்கு 20 டிகிரியில் கிலோமீட்டருக்கு 7.98 ஓம் வரைதான் இருக்கலாம். 100 மீட்டருக்கு 0.8 ஓம். எங்கள் வீட்டு வெயிலுக்குக் கொஞ்சம் கூட்டிக்கொண்டாலும் 0.85-ஐத் தாண்டக்கூடாது. மீட்டர் முனைகளின் தடையைக் கழித்த பிறகும் 1.3 காட்டியது.

தடை கூடினால் என்ன ஆகும்? அதே மின்னோட்டத்துக்கு அந்த அளவு சூடும் கூடும். 3 கிலோவாட் ஹீட்டர் 230 வோல்ட்டில் 13 ஆம்பியர் இழுக்கும். அது ஓடுகிற நேரம் முழுக்கச் சுவருக்குள் வயர் காய்ந்துகொண்டே இருக்கும். சாதாரண பிவிசி உறை 70 டிகிரிக்குத்தான் செய்யப்பட்டது. இதைவிட மோசம் இணைப்புகளில் நடப்பது. அலுமினியம் மெத்தென்ற உலோகம். ஸ்க்ரூவின் அழுத்தத்தில் மெல்ல மெல்ல நசுங்கிக்கொண்டே போகும், சூடானால் செம்பை விட அதிகமாக விரியும். காற்றுப் பட்டால் அதன் மேல் மின்சாரம் கடத்தாத ஆக்சைடு படலம் வேறு. இணைப்பு தளரும், தளர்ந்த இடம் சுடும், சுடச்சுட இன்னும் தளரும்.

மின்னோட்டம் அளவுக்கு மேல் போனால் தானாக அணைகிற சுவிட்ச்தான் எம்சிபி, அது இதைத் தடுக்காதா என்று எல்லோரும் கேட்கிறார்கள். தடுக்காது. 20 ஆம்பியர் எம்சிபியைப் பொறுத்தவரை 13 ஆம்பியர் ஓடுவது சரியான ஓட்டம்தான். டெர்மினல் கருகுவது அதற்குத் தெரியாது. ஷாக் அடிக்காமல் காக்கிற ஆர்சிசிபியும் மின்கசிவைத்தான் பார்க்கும், சூட்டைப் பார்க்காது. நல்ல வயரைக் கணக்கில் வைத்துத்தான் இந்தப் பாதுகாப்பு எல்லாம் போடப்படுகிறது. வயரே பொய்யாக இருந்தால் பேனலில் எதை மாட்டினாலும் பிரயோசனமில்லை.

சரி, புகார் கதைக்கு வருகிறேன். முதலில் வியாபாரி சிரித்தார். "எல்லா வயரும் சூடாகத்தான் செய்யும்" என்றார். போட்டோ அனுப்பினோம். "உங்க எலக்ட்ரீஷியன் ஸ்க்ரூவைச் சரியா இறுக்கல" என்றார். சுரண்டி வெள்ளை தெரிகிற வீடியோவை அனுப்பியதும் சொன்னார் பாருங்கள், "அது ஈயம் பூசின காப்பர், ஏற்றுமதித் தரம்." எவ்வளவு துணிச்சல்! வெள்ளீயம் பூசிய செம்பு வெளியே வெள்ளையாகவும் உள்ளே சிவப்பாகவும் இருக்கும். எங்களுடையது நேர்மாறு. அதைச் சொன்ன நிமிடத்திலிருந்து நான் 'அக்கா' இல்லை, 'மேடம்' ஆகிவிட்டேன். "பிரிச்ச சுருளைத் திரும்ப எடுக்க மாட்டோம் மேடம், பில்லைப் படிங்க." பிரிக்காத சுருளையாவது எடுத்துக்கொள் என்றால் அதற்குப் பதிலே இல்லை. 64,500 வாங்கும்போது ராத்திரி பதினோரு மணிக்கும் போனை எடுத்த மனிதர் இவர்.

பில்லை எடுத்துப் பார்த்தோம். 'வயர் 2.5, சுருள்' என்று மட்டும் இருந்தது. செம்பு என்ற சொல்லே இல்லை. சதுர மில்லிமீட்டர் என்றும் இல்லை. பேச்சில் காப்பர், பெட்டியில் காப்பர், கையெழுத்துப் போடுகிற காகிதத்தில் மட்டும் இல்லை. எல்லாம் முன்கூட்டியே யோசித்துச் செய்தது.

இணையதளக்காரர்கள் அதைவிட மோசம். "விற்பனையாளரிடம் பேசுங்கள்" என்றார்கள். வியாபாரியோ "தளத்தில் புகார் போடுங்க" என்றார். போட்டோம். திருப்பி அனுப்பும் காலக்கெடு முடிந்துவிட்டதாம். வீட்டு வயரிங்கில் வாங்கிய அன்றைக்கேவா லோடு போட்டுப் பார்ப்பார்கள்? பூச்சு வேலை, பெயின்ட் எல்லாம் முடிந்துதானே ஹீட்டர் மாட்டுவோம்! தீப்பிடிக்கக்கூடிய பொருள் இது, மற்றவர்களுக்கும் விற்காதீர்கள் என்று எழுதினேன். "உங்கள் புகார் தீர்க்கப்பட்டது, எங்கள் சேவைக்கு எத்தனை நட்சத்திரம்?" என்று தானியங்கிச் செய்தி வந்தது. அந்தக் கடை இன்னும் அங்கேயே நடக்கிறது. அதே வயர், அதே '100% காப்பர்'.

வயர் வாங்குவது எப்படி என்று விளக்கமாக எழுதத்தான் உட்கார்ந்தேன். சுவரிலிருந்து வயரை உருவும் வேலை நடக்கிறது, மனசும் நிதானத்தில் இல்லை. அவசரமாகச் சிலது சொல்லிவிடுகிறேன். பில்லில் 'செம்பு', சதுர மில்லிமீட்டர் அளவு, நீளம் மூன்றும் எழுத்தில் இல்லாமல் பணம் கொடுக்காதீர்கள். கேஜ் (தடிமனைச் சொல்லும் வேறொரு எண்) என்றோ வெறும் 2.5 என்றோ எழுதினால் திருப்பிக் கொடுங்கள். பெட்டியில் இருப்பதை விடுங்கள், உறை மேலேயே தயாரிப்பாளர் பெயர், அளவு, வோல்ட், தர எண் திரும்பத் திரும்ப அச்சாகியிருக்க வேண்டும். எங்கள் வயர் மொட்டையாக இருந்தது. சுருளை எடை போடுங்கள். பைப்பில் இழுக்கும் முன் ஒரு இழையைச் சுரண்டிப் பாருங்கள், முனைக்கு முனை தடையை அளக்கச் சொல்லுங்கள். வீடியோ காலில் லைட்டர் பிடிப்பவரிடம் இழையை மட்டும் தனியாக எரித்துக் காட்டச் சொல்லுங்கள். பவர் பாயிண்ட் வயர் இழுத்ததும், பூச்சு வேலைக்கு முன்பே ஒரு மணி நேரம் ஹீட்டரையோ ஏசியையோ தற்காலிகமாக ஓட்டி, மெயினை அணைத்துவிட்டு டெர்மினலைத் திறந்து பார்க்கச் சொல்லுங்கள்.

ஏற்கனவே இப்படி வாங்கி மாட்டிவிட்டவர்கள் ஹீட்டர், ஏசி, இஸ்திரிப்பெட்டி எதையும் அந்த வயரில் ஓட்டாதீர்கள். பிளேட் சுட்டாலோ கருகல் வாடை வந்தாலோ மெயினை உடனே அணையுங்கள். நாங்கள் இப்போதைக்கு விளக்கு, ஃபேன் மட்டும்தான் போடுகிறோம், அதுவும் வேறு வயரில். உருவிய 64,500 ரூபாய் வயர் அப்படியே மூட்டையாகக் கிடக்கிறது. புகாருக்கு ஆதாரம் என்பதால் பழைய இரும்புக்குக்கூடப் போட முடியவில்லை.