தில்லியிலிருந்து ஆற்றங்கரைக் கூடாரம்: பல பருவங்களின் பயன்பாட்டு அனுபவம்

தில்லியில் குடியிருப்பவர்களுக்கு ஆற்றங்கரையில் கூடாரம் போட்டுத் தங்குவது என்றாலே ரிஷிகேஷ்தான் நினைவுக்கு வரும். மயூர் விஹாரிலிருந்து வெள்ளிக்கிழமை இரவு கிளம்பினால் விடிவதற்குள் போய்ச் சேர்ந்துவிடலாம் என்பது அதற்கு முக்கியக் காரணம். எங்கள் குடும்பமும் அங்கேதான் தொடங்கியது; இப்போது உத்தராகண்ட் மலையடிவாரத்தின் கோட்துவார், ராம்நகர், டேராடூன் பக்கத்துச் சிற்றாறுகளும் பட்டியலில் சேர்ந்துவிட்டன. வாடகைக் கூடாரங்களை விட்டுவிட்டுச் சொந்தக் கூடாரம், நீர் வடிகட்டி, உறக்கப்பை ஆகியவற்றை வாங்கிப் பல பருவங்கள் உழைக்க வைத்த பிறகு இதை எழுதுகிறேன். கடைக்காரர் சொல்லாத ஒன்று உண்டு. எந்த மாதம் போகிறோம், எந்த நீருக்குப் பக்கத்தில் தங்குகிறோம் என்பதைப் பொறுத்தே ஒரு பொருள் நல்ல பொருளாகவோ தண்டச் செலவாகவோ ஆகிறது. ஆகவே திட்டமிடும்போது நாங்கள் முதலில் பார்ப்பது நீரைத்தான். பொருள்களின் பட்டியல் அதற்குப் பிறகே எழுதப்படுகிறது.

கங்கை மாதத்துக்கு மாதம் குணம் மாறும் ஆறு. நவம்பர் முதல் மார்ச் வரை தெளிந்த பச்சை நிறத்தில் ஓடும். கரையோரத்தில் அடியில் கிடக்கும் கூழாங்கற்களைக்கூட எண்ணிவிடலாம். கோடையில் பனி உருகத் தொடங்கியதும், பனியாறுகள் அரைத்துத் தள்ளிய பாறைத்தூள் நீரோடு கலந்து ஆறு முழுவதும் சாம்பல் நிறமாகிவிடும். அந்த நீரை ஒரு டம்ளரில் எடுத்து வைத்தால் மணிக்கணக்கானாலும் முழுதாகத் தெளியாது. பாட்டிலில் திருகிப் பொருத்தும் எங்கள் கையடக்க வடிகட்டி 0.1 மைக்ரான் துளை அளவு கொண்டது. குளிர்கால நீரில் தாராளமாக ஒழுகும் அதே வடிகட்டி, மே மாதத்துக் கங்கை நீரில் இரண்டு பாட்டிலுக்குள் சொட்டுச் சொட்டாகிவிடுகிறது. கூடவே கொடுத்த ஊசிக்குழலால் நல்ல நீரை எதிர்ப்பக்கமாகச் செலுத்திக் கழுவினால் மீண்டும் வேலை செய்யும், ஆனால் அதைச் செய்துகொண்டே இருக்க வேண்டும். இப்போது நாங்கள் பழைய வழிக்கே திரும்பிவிட்டோம். ஊரிலிருந்து கொண்டுவந்த தேற்றாங்கொட்டையை வாளியின் உட்புறத்தில் நன்றாக உரைத்து, இரவு முழுவதும் ஆடாமல் வைத்துவிட்டு, காலையில் மேலே தெளிந்த நீரை மட்டும் மொண்டு வடிகட்டியில் விடுகிறோம். தேற்றாங்கொட்டை கலங்கலைத்தான் அடியில் படிய வைக்கும், கிருமியைக் கொல்லாது. வடிகட்டியும் பாக்டீரியாவைத் தடுக்குமே தவிர, மஞ்சள் காமாலை வைரஸ்களைத் தடுக்காது. ஆகவே குடிநீரைக் கடைசியில் ஒரு நிமிடமாவது தளதளவென்று கொதிக்க வைப்பதை நாங்கள் விடுவதில்லை.

கோட்துவார், ராம்நகர் பக்கம் நிலைமை வேறு. மலையிலிருந்து இறங்கும் சிற்றாறுகள் பாபர் எனப்படும் கூழாங்கல் நிலத்துக்குள் வந்ததும் தரைக்கடியில் புகுந்துவிடுகின்றன. இன்னும் தெற்கே, தராய் சமவெளியில், அதே நீர் ஊற்றுகளாக வெளிப்படுகிறது. கைபேசி வரைபடத்தில் நீலக் கோட்டைப் பார்த்துவிட்டு மார்ச்சில் போனால், அங்கே கண்ணுக்கெட்டிய தூரம் வெள்ளைக் கற்கள்தான் கிடக்கும். கோட்துவாரில் கோஹ் ஆற்றைப் பார்ப்பதைவிட, துகட்டா போகும் வழியில் பள்ளத்தாக்குக்குள்ளேயே அதைப் பிடிப்பது நல்லது என்பது என் கருத்து.

ஊற்று இருக்கும் இடமே கூடாரத்துக்கு மிகச் சிறந்த இடம். உத்தராகண்டில் கல்லில் செதுக்கிய வாய் வழியே விழும் ஊற்றைத் தாரா என்றும், கல்லால் கட்டிப் படியமைத்த சிறு ஊற்றுக்குளத்தை நௌலா என்றும் சொல்கிறார்கள். நிலத்தடியில் நெடுநாள் தங்கி வருவதால் ஊற்றுநீரின் வெப்பம் அந்த இடத்தின் ஆண்டுச் சராசரியை ஒட்டியே இருக்கும். ஜூன் மாதத்தில் பல் கூசும் அதே தாரா, ஜனவரி விடியலில் முகம் கழுவ வெதுவெதுப்பாக இருப்பதற்கு இதுவே காரணம். கலங்கல் இல்லாததால் வடிகட்டியும் நீண்ட நாள் உழைக்கிறது. ஆனால் எல்லா ஊற்றும் எப்போதும் ஓடும் என்று நம்பிப் போகக் கூடாது. இமயமலைப் பகுதியின் வற்றாத ஊற்றுகளில் ஏறத்தாழப் பாதி வறண்டுவிட்டன அல்லது பருவ ஊற்றுகளாகச் சுருங்கிவிட்டன என்று நிதி ஆயோக் 2018-இல் வெளியிட்ட அறிக்கை கூறுகிறது. மழைக்கு முந்தைய மே, ஜூன் மாதங்களில்தான் ஓட்டம் மிகவும் குறையும். ஆகவே முன்பதிவுக்காகத் தொலைபேசியில் பேசும்போது “தண்ணீர் வருமா?” என்று பொதுவாகக் கேட்காமல், “இன்று காலை ஒரு வாளி நிரம்ப எவ்வளவு நேரம் ஆனது?” என்று கேட்கிறோம். அதற்குப் பதில் சொல்லத் திணறுகிறவர் ஊற்றுப் பக்கமே போகவில்லை என்று புரிந்துகொள்ளலாம். ஊற்றுக்கு மேலே சரிவில் வீடுகளோ கழிவுக்குழிகளோ உண்டா என்பது அடுத்த கேள்வி. தெளிந்திருப்பதால் மட்டுமே ஊற்றுநீர் சுத்தமானதாகிவிடாது. டேராடூன் அருகிலுள்ள சஹஸ்ரதாராவின் கந்தக நீரில் கால் நனைத்துவிட்டு வரலாம். தங்குவதற்கு அங்கே கூட்டம் அதிகம்.

இனி இடம். 2015 டிசம்பரில் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் கௌடியாலா முதல் ரிஷிகேஷ் வரையிலான கங்கைக் கரையில் முகாம் அமைக்கத் தடை விதித்தது. பின்னர் நிபந்தனைகளோடு சில இடங்களுக்கு அனுமதி கிடைத்தது. எனவே இன்று ஆற்றங்கரை முகாம் என்று விளம்பரமாகும் பல இடங்கள் சாலைக்கு மேலே, மலைப்படியில் இருக்கின்றன. கூடார வாசலிலிருந்து ஆறு தெரியும் என்று எங்களிடம் பணம் வாங்கிய ஓரிடத்தில், ஆற்றின் சத்தம்கூட நடுநிசிக்குப் பிறகுதான் கேட்டது. சொந்தக் கூடாரத்தை மணலில் அடிக்கலாமே என்று நினைப்பவர்கள் அணைகளை மறந்துவிடக் கூடாது. டெஹ்ரி, கோட்டேஷ்வர், (உத்தராகண்டின்) ஸ்ரீநகர் அணைகளில் மின்னுற்பத்திக்காக நீரைத் திறந்து மூடுவதால், மழையே இல்லாத நாளிலும் கங்கையின் மட்டம் ஏறி இறங்கும். 2014 ஜூன் 8 அன்று இமாசலத்தில் லார்ஜி அணையிலிருந்து திறந்துவிடப்பட்ட நீர், பியாஸ் ஆற்றில் பாறைகளின் மேல் நின்றிருந்த ஹைதராபாத் பொறியியல் மாணவர்கள் 24 பேரை அடித்துச் சென்றது. மணலில் முந்தைய நாள் நீர் விட்டுச் சென்ற ஈரக்கோடும், அதற்கு மேலே சுள்ளிகளும் பிளாஸ்டிக்கும் ஒதுங்கிய இன்னொரு கோடும் தெரியும். அந்த இரண்டாவது கோட்டுக்கும் மேலேதான் உட்காரவே வேண்டும். சிவாலிக் குன்றுகளில் ராவ் என்று அழைக்கப்படும் வறண்ட ஓடைப்படுகை கூடாரத்துக்கு அளவெடுத்துச் செய்தாற்போலச் சமமாக இருக்கும். மேலே எங்கோ பெய்த மழை அதில் சில நிமிடங்களில் வந்து சேரும் என்பதால் அங்கே நாங்கள் வண்டியைக்கூட நிறுத்துவதில்லை.

கூடாரத்துக்கு வருகிறேன். கங்கைப் பள்ளத்தாக்கில் இரவு ஏற ஏற, குளிர்ந்த காற்று மலையிலிருந்து சமவெளியை நோக்கிப் பலமாக இறங்கும். வாசலை எப்போதும் ஆற்றின் கீழ்ப்போக்கைப் பார்த்து வைப்பது நல்லது. மணலில் இரும்பு முளை நிற்காது. கல்யாண வீடுகளில் தாம்பூலம் போட்டுக் கொடுக்கும் மஞ்சள் பைகளை நாங்கள் சேர்த்து வைத்திருக்கிறோம். ஒவ்வொன்றிலும் மணலை அடைத்து, வாயைக் கயிற்றோடு சேர்த்து முடிச்சிட்டு, முழங்கை ஆழத்துக்குப் புதைத்துவிட்டால் எந்தக் காற்றுக்கும் அசையாது. காலையில் பையைக் கவிழ்த்துவிட்டு மடித்து எடுத்துக்கொள்ளலாம். கண்ணாடியிழைக் கம்பிகளில் ஒன்று இரண்டாம் பருவத்திலேயே நீளவாக்கில் பிளந்து சிலும்பு சிலும்பாக வந்தது. அலுமினியக் கம்பிக்கு மாறிய பிறகு அந்தத் தொல்லை இல்லை. மணல் புகுந்து சிக்கும் ஜிப்பைப் பழைய பல்துலக்கியால் துடைத்துவிட்டுத்தான் மூட வேண்டும். ஆற்றுப் பக்கம் ஈரப்பதம் அதிகம் என்பதால், வாயில்களை முழுக்க அடைத்துக்கொண்டு தூங்கினால் விடியலில் உள்துணியிலிருந்து நீர் சொட்டும். அது ஒழுகல் அல்ல, நம் மூச்சுதான். குளிரானாலும் மேல் சாளரத்தைத் திறந்து வைப்பதே அதற்கு மருந்து.

உறக்கப்பையில் பெரிய எழுத்தில் போட்டிருக்கும் வெப்ப அளவு சில பைகளில் உயிர் பிழைக்கும் எல்லையைத்தான் குறிக்கும், சுகமாகத் தூங்கும் எல்லையை அல்ல. டிசம்பர் இரவுக்குப் பையைவிட அடியில் விரிக்கும் நுரைப்பாயே முக்கியம். மணல் முதுகுவழியாகச் சூட்டை உறிஞ்சிவிடும். சாப்பாட்டைப் பற்றி நீட்ட வேண்டியதில்லை. முதல் நாளுக்குப் புளியோதரை, மறுநாளுக்குப் பருப்புப்பொடி, நெய், ஒரு குக்கர் சோறு என்பதே எங்கள் ஏற்பாடு. ரயிலில் கேஸ் அடுப்பையும் குப்பியையும் கொண்டுபோக அனுமதியில்லை என்பதை மட்டும் நினைவில் கொள்ளவும்.

எங்கள் அடுக்ககத்து மாமிகள் கேட்கும் முதல் கேள்வி கழிப்பறையைப் பற்றியதுதான், அது நியாயமான கேள்வி. கட்டிய கழிப்பறை இல்லாத இடமென்றால், நீரிலிருந்து குறைந்தது அறுபது மீட்டர் தள்ளி, மணலில் அல்லாமல் மண்ணில், ஒரு சாண் ஆழத்துக்குக் குழி தோண்டி மூட வேண்டும். மழை முடிந்த செப்டம்பர், அக்டோபரில் மலையடிவாரப் புதர்களில் உள்ள நுண்ணிய உண்ணிப்பூச்சிகளால் ஸ்க்ரப் டைஃபஸ் காய்ச்சல் வரக்கூடும். கடித்த இடத்தில் சிகரெட்டால் சுட்டதுபோல ஒரு கருத்த பொருக்கு சில சமயம் இருக்கும். ஒரு வாரம், பத்து நாள் கழித்துத் தில்லியில் காய்ச்சல் கண்டால் அந்தப் பருவத்தில் எல்லோரும் டெங்குவையே முதலில் நினைப்பார்கள். புதர்ப் பக்கம் தங்கிவிட்டு வந்ததை மருத்துவரிடம் நாமே சொல்லிவிட வேண்டும். உரிய ஆன்டிபயாட்டிக் மாத்திரைக்கு நன்றாகக் கேட்கும் நோய் அது.

கூடாரத்தின் ஆயுளை ஆற்றங்கரையைவிடத் தில்லிப் பரண்தான் அதிகம் குறைக்கிறது. உட்புறத்தில் பூசியிருக்கும் பாலியூரித்தேன் பூச்சு, ஈரமும் வெப்பமும் சேர்ந்த ஜூலை, ஆகஸ்டு மாதங்களில் மெல்ல மெல்லச் சிதைந்து, புளித்த வாடையுடன் பிசுபிசுத்து, பிறகு பொடுகுபோல உதிரத் தொடங்கும். ஒருமுறை உதிர ஆரம்பித்துவிட்டால் மறுபூச்சு போடுவது வீண் வேலை. எங்கள் முதல் கூடாரம் இப்படித்தான் முடிந்தது. இப்போதுள்ளதை மொட்டைமாடி நிழலில் முழுக்க உலர்த்தி, இறுக்கிச் சுருட்டாமல் பருத்தித் தலையணை உறையில் தளர்வாகப் போட்டு, அலமாரியில் வைக்கிறோம். சிலிக்கான் பூச்சுத் துணிக்கு இந்தச் சிக்கல் கிடையாது, ஆனால் விலை கூடுதல், தையல்களுக்கு நாமே பசை பூச வேண்டும். வருடத்துக்கு ஓரிரு முறை போகிறவர்களுக்கு அந்த விலை தேவையில்லை. அலுமினியக் கம்பியுள்ள சாதாரணக் கூடாரமே போதும்.