ஒன்பது ஆண்டு உழைத்த உச்சரிப்பு அகராதியும் ஒரு நான்கெழுத்துத் தொல்லையும்

என் ஆங்கில உச்சரிப்பு அகராதியின் முதுகு பிய்ந்து, 'டி' வரிசைப் பக்கங்கள் கையோடு கழன்று வரத் தொடங்கியதால், சென்ற வாரம் அதைப் பைண்டிங் கடையில் கொடுத்துத் தைத்து வாங்கினேன். அதைக் கண்ட நண்பர், "மகளுக்கு இப்படியொன்று வாங்கிக் கொடுக்கலாமா?" என்று கேட்டார். அவருக்கான விடையே இது.

பொருள் சொல்லாமல் ஒலிக்குறிகளை மட்டும் தரும் நூல் இது. குறிகள் பிடிபட எனக்கு ஒரு மாதம் ஆயிற்று. அதன் பிறகு, 'கர்னல்' என்பதில் முதல் 'எல்' அந்த எழுத்துக்குரிய ஒலியைத் தருவதில்லை, கடனைக் குறிக்கும் 'டெட்' என்னும் சொல்லில் லத்தீன் மூலத்தை நினைவூட்டப் படித்தவர்கள் செருகிய 'பி' வாய்க்கே வருவதில்லை என்பன போன்ற ஐயங்களுக்கு இந்நூல் ஒருநாளும் என்னைக் கைவிட்டதில்லை.

ஆனால் ஓ, யு, ஜி, எச் என்னும் நான்கும் சேர்ந்து வரும்போது என் பொறுமை போய்விடுகிறது. இருமல் 'கஃப்', சொரசொரப்பு 'ரஃப்', பிசைந்த மாவு 'டோ', மரக்கிளை 'பௌ', ஊடாக என்பது 'த்ரூ'. இங்கிலாந்தில் லஃப்பர என்று ஓர் ஊர் இருக்கிறது. அதன் பெயரில் இக்கூட்டு இருமுறை வந்து, முதலில் 'அஃப்' என்றும் இறுதியில் தேய்ந்த அகரமாகவும் ஒலிக்கிறது. அகரவரிசை இச்சொற்களை ஆளுக்கொரு மூலையில் போட்டுவிடுவதால், சொல்லைத் தெரிந்தவனுக்கு விடை கிடைக்குமே தவிர, எழுத்துக்கூட்டைப் பார்த்துத் திகைப்பவனுக்குக் கிடைக்காது.

அதனால் பின்னட்டையின் உட்புறத்தில் பென்சிலால் நானே இச்சொற்களை ஒலிவாரியாகப் பிரித்து ஒரு பட்டியல் எழுதி வந்தேன். ஒன்பது ஆண்டில் சேர்ந்தவை 23 சொற்கள். பைண்டிங் கடைக்காரர் அதன் மேல் புதுத்தாளை நேர்த்தியாக ஒட்டிவிட்டார். விளக்குக்கு நேரே பிடித்துப் பார்த்தாலும் ஓர் எழுத்தும் தெரியவில்லை.

அகராதியைக் குறை கூறுவது நியாயமில்லை என்று எனக்கே தெரியும். அந்த 'ஜிஎச்' ஒரு காலத்தில் தொண்டையில் உரசி எழுந்த உண்மையான ஒலி. ஸ்காட்லாந்தில் ஏரிக்கு வழங்கும் சொல்லின் இறுதியில் அதை இன்றும் கேட்கலாம். 1476இல் இங்கிலாந்தின் முதல் அச்சாளரான காக்ஸ்டன் லண்டனை ஒட்டிய வெஸ்ட்மின்ஸ்டரில் அச்சகம் தொடங்கிய பின் எழுத்துமுறை மெல்ல மெல்ல இறுகிற்று. ஒலியோ சில சொற்களில் 'ஃப்' ஆகி, பலவற்றில் அடியோடு மறைந்தது. பழியைச் சுமக்க வேண்டியது மொழிதான்.

இவ்வளவு சொன்ன பிறகும், நண்பரே, இப்போதைக்கு வாங்க வேண்டாம் என்றே சொல்வேன். பட்டியல் போன எரிச்சல் இன்னும் தணியவில்லை. நேற்றிரவு புதுத்தாளில் மறுபடி எழுதத் தொடங்கினேன். முழுமையான என்னும் பொருளுள்ள 'தர' என்ற சொல்லில் கை நின்றுவிட்டது: பிரிட்டன் வழக்கில் அதன் ஈறு தேய்ந்த அகரம், அமெரிக்க வழக்கில் 'ஓ'. அகராதி இரண்டையும் தருகிறது. இரண்டு இடத்திலும் எழுதி வைத்தேன்.