வெள்ளவத்தைத் தொடர்மாடியா, வாத்துவ தென்னங்காணியா?

எட்டு வருடம் கொழும்பு வெள்ளவத்தையில், ஐந்தாம் மாடியில் இருந்தோம். இப்போது இரண்டு வருடமாக வாத்துவவில், காலி வீதிக்கு உட்பக்கம், ஒன்பது தென்னை நிற்கும் வளவு. எது நல்லது என்று கேட்டால் நான் வாத்துவ பக்கம்தான்.

வெள்ளவத்தையின் வசதி எல்லோருக்கும் தெரியும். கோயில், தமிழ்ப் பள்ளிக்கூடம், மரக்கறிக் கடை எல்லாம் நடை தூரம். வாத்துவ என்றால் கொழும்புக் கோட்டையிலிருந்து 30 கிலோமீற்றருக்கு மேல். ஆசனம் கிடைக்காத நாளில் பாணந்துறை தாண்டும் வரை ரயிலில் நின்றுதான் வர வேண்டும். சிங்களமும் கொஞ்சம் பேச வேண்டும்.

என்னை இழுத்தது பராமரிப்பு விஷயம். தொடர்மாடியில் மாதாமாதம் காசு கட்டுவோம்; லிப்ட் நின்றுவிட்டால் யார் கட்டவில்லை என்று கூட்டத்தில் சண்டை பிடிப்போம். வளவுக்குப் போனால் இந்தத் தொல்லை இல்லை என்று நினைத்தேன். தென்னை சும்மா விடுமா? ஒன்றரை, இரண்டு மாதத்துக்கு ஒருமுறை காய் பறிக்க வேண்டும். மரம் ஏற ஆள் கிடைக்காது. முதல் ஆறு மாதத்தில் காய் விழுந்து எங்கள் கூரையில் நாலு ஓடு போனது, பக்கத்து வீட்டில் ஏழு. அந்த ஏழுக்கும் காசு கொடுத்தது நான்தான்.

வழி அந்த ஊரின் தொழிலிலேயே இருந்தது. வாத்துவ, பயாகல பக்கமெல்லாம் தென்னங்கள்ளுக்குப் பேர்போன கரை. ஆறு மரத்தைச் சீவக் குத்தகைக்குக் கொடுத்தோம். பாளை வெடிக்கும் முன்பே கட்டி, தட்டி, நுனியைச் சீவிவிடுவதால் குரும்பை பிடிக்க வழியில்லை. பிறகெங்கே காய் விழுவது? மரத்துக்கு மரம் இரண்டு தும்புக் கயிறு: கீழ்க்கயிற்றில் கால், மேற்கயிற்றில் கை. சீவுகிறவர் எங்கள் கேற்றால் வருவதே இல்லை. மூன்றாவது காணியில் ஏறி, வேலிகளுக்கு மேலால் நடந்து வந்து, கள்ளு முட்டியை இறக்கிவிட்டு அடுத்த மரத்துக்குப் போய்விடுவார். காய்ந்த ஓலையையும் அவரே வெட்டித் தள்ளுகிறார். மதுவரி அனுமதியெல்லாம் குத்தகைக்காரர் பாடு. என்ன, தேங்காய் 200 ரூபாயைத் தாண்டிய நேரம் மிச்ச மூன்று மரத்தையும் அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தோம்.

திருப்பி விற்பதென்றால்? வெள்ளவத்தை வீடு ஒரே மாதத்தில் விலைப்பட்டது. வளவை நான் விற்றுப் பார்த்ததில்லை. அதில் என் பேச்சை நம்பிக் காசு போடாதீர்கள்.

வரும்போது ஆகப் பெரிய எதிர்ப்பு மாமியிடமிருந்துதான். “கள்ளுச் சீவுற வளவுக்குள்ளயோ பிள்ளையள வளர்க்கப் போறியள்?” என்று இரண்டு வாரம் முகம் கொடுத்துப் பேசவில்லை. இப்போது சனிக்கிழமை பின்னேரமானால், அப்பமாவுக்கு அரைக் கோப்பை கள்ளு வாங்கி வைக்கச் சொல்லி ஞாபகப்படுத்துவதே அவர்தான்.