மாலைக்குள் முள் தட்டும் முகம்: கார்ட்ரிட்ஜா, பழைய ரேசரா?

பல பிளேடுகள் அடுக்கிய கார்ட்ரிட்ஜை விட்டுவிட்டு, நம் அப்பாக்கள் மாடத்தில் வைத்திருந்த, இருபுறமும் கூருள்ள ஒற்றை பிளேடை மாட்டித் திருகும் பழைய ரேசருக்கு மாறுகிறவர்களிடம் முதல் மாதத்தில் அடிக்கடி எழும் குறை ஒன்று உண்டு. காலையில் வழவழவென்று இருந்த தாடை, மதியச் சாப்பாட்டுக்குப் பிறகே கைக்குச் சொரசொரக்கிறது. மாலையில் கண்ணாடியைப் பார்த்தால் கருநிழல் தெரிகிறது. நானும் இந்த ஏமாற்றத்தோடு சில வாரங்கள் கழித்தவன். அதற்காகவே மீண்டும் கார்ட்ரிட்ஜை வாங்க வேண்டுமா, அல்லது பழைய ரேசரை வைத்துக்கொண்டே அந்த நிழலைத் தள்ளிப்போட முடியுமா என்பதுதான் இங்கே நான் எடை போட்டுப் பார்ப்பது.

முதலில் ஓர் அச்சத்தை ஒதுக்கிவிடலாம். ரேசரை மாற்றியதால் முடி வேகமாகவோ தடிப்பாகவோ வளர்வதில்லை. மில்ட்ரெட் டிராட்டர் என்ற அமெரிக்க உடற்கூற்றியல் அறிஞர் 1928-லேயே, சவரம் முடியின் வளர்ச்சியையும் தடிமனையும் மாற்றுவதில்லை என்பதை ஆய்வு செய்து காட்டினார். முடி பிறக்கும் வேர் தோலுக்கு அடியில் இருக்கிறது. பிளேடு தொடுவது வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் உயிரற்ற தண்டை மட்டுமே. அப்படியானால் மாறுவது வளர்ச்சி அல்ல, வெட்டு விழும் இடம். தாடி முடி ஒரு நாளைக்கு ஏறத்தாழ 0.4 மில்லிமீட்டர் வளர்கிறது என்று வைத்துக்கொண்டால், 0.1 மில்லிமீட்டர் கூடுதலாக ஒட்ட வெட்டுகிற கருவி ஏறக்குறைய ஆறு மணி நேரத்தை நமக்கு மிச்சப்படுத்துகிறது. மாலை நிழலுக்கும் இரவு நிழலுக்கும் உள்ள இடைவெளி, கண்ணுக்கே தெரியாத இந்தத் துளி அளவில்தான் இருக்கிறது.

கார்ட்ரிட்ஜ் அந்தத் துளியை எப்படிச் சம்பாதிக்கிறது? 1971-இல் ஜில்லெட் நிறுவனம் டிராக் 2 என்ற இரட்டை பிளேடு ரேசரைக் கொண்டுவந்தபோது முன்வைத்த விளக்கம் இன்றும் அதன் அடிப்படை. முதல் பிளேடு முடியை வெட்டும்போதே அதைத் தோலிலிருந்து சற்று வெளியே இழுக்கிறது. இழுபட்ட முடி உள்ளே திரும்புவதற்குள் அடுத்த பிளேடு வந்து இன்னும் தாழ்வாக வெட்டுகிறது. மிச்ச முடியின் நுனி தோலின் மட்டத்துக்குக் கீழே போய்விடுகிறது. 1998-இல் மூன்று பிளேடுகளோடு மாக் 3, 2006-இல் ஐந்து பிளேடுகளோடு ஃபியூஷன் என்று இதே கணக்குதான் நீண்டது. பழைய ரேசரில் இரண்டு விளிம்புகள் இருந்தாலும், ஓர் இழுப்பில் முகத்தைத் தொடுவது ஒரு விளிம்பு மட்டுமே. அது தோலின் மட்டத்தில் வெட்டிவிட்டு நின்றுகொள்கிறது. ஆகவே, ஒரே ஒரு சுற்று வழித்துவிட்டு நிறுத்துகிறவருக்குப் பழைய ரேசர் தோற்கத்தான் செய்யும்.

இதை என் முகத்திலேயே பார்த்துவிட நினைத்து, ஒரு வாரம் வலக் கன்னத்துக்குக் கார்ட்ரிட்ஜும் இடக் கன்னத்துக்குப் பழைய ரேசருமாக வழித்தேன். கைப்பழக்கம் முடிவைக் கெடுக்கக்கூடாது என்பதற்காக அடுத்த வாரம் பக்கங்களை மாற்றிக்கொண்டேன். முடிப் போக்கில் ஒரு சுற்று மட்டும் வழித்த நாட்களில் கார்ட்ரிட்ஜ் பக்கம் நான்கு மணி நேரம் போலக் கூடுதலாக மென்மை காத்தது. போக்கில் ஒன்று, குறுக்கே ஒன்று, எதிர்ப்போக்கில் ஒன்று என்று ஒவ்வொரு முறையும் புதிதாக நுரையிட்டு மூன்று சுற்று வழித்த நாட்களில், விரலால் தடவினால் மட்டுமே தெரிகிற அளவுக்கு அந்த வித்தியாசம் சுருங்கிவிட்டது. ஆனால் கழுத்தில் கதை வேறு. கார்ட்ரிட்ஜ் பட்ட பக்கம் எதுவோ, அந்தப் பக்கத்தில் இரண்டு வாரமும் சிவந்த புள்ளிகள் எழுந்தன.

மாறிய புதிதில் குறை கூடுதலாகத் தெரிவதற்குக் கருவியைத் தாண்டியும் காரணங்கள் உண்டு. கார்ட்ரிட்ஜின் தலை தானே வளைந்து கோணத்தைப் பார்த்துக்கொள்ளும். பழைய ரேசரில் தோலுக்கும் பிளேடுக்கும் இடையே சுமார் 30 பாகைக் கோணத்தை நம் மணிக்கட்டுதான் காக்க வேண்டும். வெட்டுப்பட்டுவிடுமோ என்ற பயத்தில் கை விலகினால் விளிம்பு முடியின் மேல் வழுக்கிக்கொண்டு போகும். கழுத்து முடி பலருக்குக் கீழ்நோக்கி வளர்வதில்லை, பக்கவாட்டிலோ மேல்நோக்கியோ சாய்ந்திருக்கும். ஒருநாள் முள்ளை விரலால் நான்கு திசையிலும் தடவி இதை அறிந்துகொள்ளாதவர், போக்கில் வழிப்பதாக நினைத்துக்கொண்டு எங்கெங்கோ வழிக்கிறார். இன்னொன்றைப் பலர் கவனிப்பதே இல்லை: பழைய ரேசருக்கு நேரம் அதிகம் வேண்டும் என்பதால் சவரத்தை முந்தைய இரவுக்கு மாற்றிவிடுகிறார்கள். அப்படிச் செய்தால் மறுநாள் மதியத்திலேயே பதினைந்து மணி நேர வளர்ச்சி முகத்தில் இருக்கும். அதற்கு ரேசரைக் குறை சொல்ல முடியாது.

பழைய ரேசர்களுக்குள்ளும் தேர்வு உண்டு. ஜெர்மனியின் மெர்க்குர் 34சி, இங்கிலாந்தின் எட்வின் ஜாகர் டிஇ89 போன்றவை மென்மையானவை, தொடங்குகிறவருக்கு ஏற்றவை. சீப்புப்பல் போன்ற திறந்த தலை கொண்ட மியூலே ஆர்41 பிளேடை நன்றாக வெளியே நீட்டிக் கொடுக்கிறது. இரண்டு சுற்றிலேயே ஒட்ட வழிக்கும், ஆனால் சிறு பிசகையும் மன்னிக்காது. நிழலுக்குப் பயந்து உடனே அதற்குத் தாவுவதை நான் ஏற்கவில்லை. அதற்கு முன் பிளேடை மாற்றிப் பாருங்கள். செலவும் ஆபத்தும் குறைவு. ஜப்பானின் ஃபெதர் கூர்மைக்குப் பெயர் பெற்றது. நம் கடைகளில் எளிதில் கிடைக்கும் செவன் ஓ கிளாக்கும் பலருக்குப் போதுமானது. எதுவானாலும் நான்கைந்து சவரத்தோடு மாற்றிவிட வேண்டும். முடியைவிட எஃகு பல மடங்கு கடினமானது என்றாலும், முடி வளைந்து மோதும் இடங்களில் விளிம்பு சில்லு சில்லாகப் பெயர்வதை அமெரிக்காவின் எம்ஐடி பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2020-இல் நுண்ணோக்கியில் காட்டினார்கள். குளித்து முடித்த கையோடு, முடி நீரில் ஊறி இளகியிருக்கும்போது வழித்தால், அதே பிளேடு இன்னும் ஒட்ட வெட்டும்.

சுருட்டை முடிக்காரர்களுக்கு இந்த ஒப்பீடு தலைகீழாகிறது. தோலுக்குக் கீழே வெட்டப்பட்ட சுருண்ட முடி, வெளியே வரும் வழியில் தோலையே குத்தி உள்ளே வளர்ந்து வீங்கிய கட்டிகளை உண்டாக்குகிறது. அவர்களுக்குத் தோல் மருத்துவர்கள் சொல்வது, தோலை இழுத்துப் பிடிக்காமல் முடிப் போக்கில் மட்டும் வழிக்க வேண்டும், மிகவும் ஒட்ட வழிக்கக்கூடாது என்பதே. சீக்கிரம் திரும்பும் நிழல் அவர்களுக்குக் குறை அல்ல, அந்த 0.1 மில்லிமீட்டர்தான் அவர்கள் கழுத்தைக் காப்பாற்றுகிறது.

கட்டி வராத தோலும், காலையில் ஐந்து நிமிடம் மட்டுமே உள்ள வாழ்க்கையும், மாலைவரை மழமழப்பாக இருந்தாக வேண்டிய வேலையும் ஒருவருக்கு அமைந்திருந்தால், அவர் கார்ட்ரிட்ஜிலேயே இருக்கலாம். ஒரு சவரத்துக்குப் பல மடங்கு கூடுதல் விலையை அவர் அந்தச் சில மணி நேரத்துக்காகக் கொடுக்கிறார், அவ்வளவுதான். நான் பழைய ரேசரோடு இருந்துகொண்டேன். கன்னத்திலும் மோவாயிலும் மூன்று சுற்று, கழுத்தில் எதிர்ப்போக்கை விட்டு இரண்டே சுற்று. மாலை ஆறு மணிக்குக் கழுத்தில் முள் தட்டுகிறது. சிவந்த புள்ளிகள் மட்டும் இப்போது இல்லை.