வெர்னியரோடு பைனாகுலர் வாங்கப் போன கதை

லேத் பட்டறையில் முப்பது வருஷம் நின்றவனுக்கு ஒரு பழக்கம் ஒட்டிக்கொள்ளும். எந்தச் சாமானைக் கையில் கொடுத்தாலும் முதலில் ஆட்டிப் பார்ப்பான். எங்கே ஆட்டம் இருக்கிறது என்று தெரிந்த பிறகுதான் மற்ற பேச்சு. என் வீட்டுக்காரி இதற்காகப் பாத்திரக்கடைக்கு என்னைக் கூட்டிப்போவதில்லை.

ஞாயிற்றுக்கிழமை பட்டறை லீவு. விடிவதற்குள் வண்டியை எடுத்துக்கொண்டு மதுரைப் பக்கம் சாமநத்தம் கண்மாய்க்கோ அரிட்டாபட்டிக்கோ போய்விடுவேன். பறவை பார்க்கும் கிறுக்கு நாற்பத்தைந்து வயதுக்கு மேல்தான் பிடித்தது. முதல் பைனாகுலரை ஒரு பொருட்காட்சி ஸ்டாலில் வாங்கினேன். விலை 950 ரூபாய். மேலே தங்க எழுத்தில் 30×60 என்று போட்டிருந்தது, அதாவது முப்பது மடங்கு பெரிதாகக் காட்டும், முன் லென்ஸின் விட்டம் 60 மி.மீ. லென்ஸ் செக்கச்செவேல் என்று மின்னியது. "மிலிட்டரி ஐட்டம் சார்" என்றார் கடைக்காரர். நானும் மண்டையை ஆட்டினேன்.

மறுநாள் பட்டறையில் வெர்னியர் அளவுகோலை வைத்துப் பார்த்தேன். 60 என்று அச்சடித்திருந்த முன் லென்ஸின் விட்டம் 26 மி.மீ. அப்புறம் பைனாகுலரைக் கை தூரத்தில் வெளிச்சத்துக்கு நேரே பிடித்தால், கண் வைக்கும் பக்கத்தில் குட்டியாக ஒரு ஒளி வட்டம் தெரியும். அதை டிரேசிங் பேப்பரில் விழ வைத்து அளந்தேன். 3.2 மி.மீ. முன் லென்ஸின் விட்டத்தை இந்த வட்டத்தால் வகுத்தால் வருவதுதான் எத்தனை மடங்கு பெரிதாகக் காட்டுகிறது என்ற கணக்கு. 26-ஐ 3.2-ஆல் வகுத்துப் பாருங்கள், எட்டு. முப்பதாவது, நாற்பதாவது! சிவப்பு லென்ஸும் ஜிகினாதான். சிவப்பு வெளிச்சத்தை வெளியே திருப்பி அனுப்பிவிடும், உள்ளே பார்த்தால் கண்மாய் முழுக்கப் பச்சையும் நீலமுமாகச் சோகை பிடித்துக் கிடக்கும்.

இரண்டாவதை உள்ளூரில் ஒரு கடையில் வாங்கினேன். கடை பேரும் வேண்டாம், கம்பெனி பேரும் வேண்டாம். 10×42, ஐந்தாயிரத்துச் சொச்சம். கையில் எடுத்தால் கனமாக, கௌரவமாக இருந்தது. சாமநத்தத்தில் அரை மணி நேரம் உள்ளான்களைப் பார்த்துவிட்டு நிமிர்ந்தேன், நெற்றிப்பொட்டு விண் விண் என்று தெறித்தது. வெயில் என்று நினைத்தேன். அடுத்த வாரமும் அதே கதை.

பட்டறைப் புத்தி அப்போதுதான் வேலை செய்தது. எதிரே மின்கம்பத்தின் குறுக்குச் சட்டத்தைப் பார்த்தபடி, பைனாகுலரை மெதுவாகக் கண்ணிலிருந்து நாலு விரல் தள்ளிப் பிடித்தேன். இடது குழலில் சட்டம் ஒரு மட்டத்தில், வலது குழலில் கொஞ்சம் கீழே. சென்டர் அவுட். லேத்தில் சாமானைப் பிடிக்கும் இரண்டு முனையும், ஹெட்ஸ்டாக்கும் டெயில்ஸ்டாக்கும், நேராக இல்லாவிட்டால் கடையும் ஜாப் ஒரு பக்கம் சிறுத்து டேப்பராகிவிடும். இங்கே ஜாப் என் மூளை. இரண்டு படத்தையும் ஒன்றாக்கக் கண் தசைகள் இழுத்துக்கொண்டே இருக்கும், அதுதான் தலைவலி. கடைக்குக் கொண்டுபோய்க் காட்டினேன். "உங்க கண்ணுல பவர் மாறியிருக்கும் சார், செக் பண்ணுங்க" என்றார்கள். செய்தேன். மாறவில்லை. திருப்பி வாங்கிக்கொள்ளவும் இல்லை.

எந்தக் கடைக்குப் போனாலும் இந்த மின்கம்பச் சோதனையை வாசலில் நின்று செய்துவிட்டு வாருங்கள். இன்னொன்றையும் சேர்த்துக்கொள்ளுங்கள்: முன் லென்ஸைக் கடையின் டியூப்லைட்டுக்கு அடியில் சாய்த்துப் பிடித்து, குழல்விளக்கின் பிம்பம் என்ன நிறத்தில் தெரிகிறது என்று பாருங்கள். மங்கலான பச்சையோ ஊதாவோ என்றால் வெளிச்சம் திரும்பிப் போகாமல் தடுக்கும் கோட்டிங் இருக்கிறது. பளிச்சென்று வெள்ளையாக ஒரு பிம்பம் தெரிந்தாலும் உள்ளே ஏதோ ஒரு கண்ணாடியை வெறுமனே விட்டிருக்கிறார்கள். கோட்டிங் இல்லாத ஒவ்வொரு கண்ணாடி முகப்பிலும் சுமார் 4 சதவீத வெளிச்சம் திரும்பிப் போய்விடும். ஒரு குழலுக்குள் பத்து முகப்பு இருந்தால் மூன்றில் ஒரு பங்கு வழியிலேயே காலி. 1935-ல் ஜெர்மனியின் சைஸ் (Zeiss) கம்பெனியில் ஸ்மகுலா என்பவர் இதற்கு மெல்லிய பூச்சு கண்டுபிடித்தார். அதற்கு முன்பிருந்த பைனாகுலரில் சாயங்காலம் பார்த்தவர்கள் பாவம்.

மூன்றாவது முறை ஏமாறக்கூடாது என்று இணையத்தில் உட்கார்ந்து படித்தேன். பைனாகுலரைப் பற்றி உருப்படியாக எழுதுகிறவர்களில் நிறையப் பேர் வெளிநாட்டு வேட்டைக்காரர்கள். நமக்கு அது ஆகாது. 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்துக்குப் பிறகு இங்கே துப்பாக்கியோடு காட்டுக்குள் போனால் ஜெயில்தான். தமிழ்நாட்டில் பயிரை அழிக்கும் காட்டுப்பன்றி விஷயத்தில்கூட, வனத்தை விட்டுத் தள்ளி இருக்கும் இடத்தில் சுடும் அனுமதி வனத்துறை ஆட்களுக்கு மட்டும். ஆனால் வேட்டைக்காரன் கேட்கும் கேள்வி நமக்கும் பொருந்துகிறது. அவனுக்கு நடுப்பகலில் எப்படித் தெரிகிறது என்பது முக்கியமில்லை. மிருகம் வெளியே வருவது விடியலுக்கு முன்னும் அந்திக்குப் பின்னும். அந்தக் கடைசி இருபது நிமிஷத்தில் இது எதைக் காட்டும்? கொம்பன் ஆந்தையும் பக்கிக்குருவியும் வருவதும் அப்போதுதானே.

அதிலும் ஆளுக்கொரு கட்சி. ஜெர்மனியில் இரவில் பரண்மேல் உட்கார்ந்து நிலா வெளிச்சத்தில் பன்றிக்குக் காத்திருப்பவர்கள் 8×56 என்ற குண்டோதரனைத் தூக்கிக்கொண்டு போகிறார்கள். அமெரிக்காவின் மேற்கே வெட்டவெளி மலைகளில் மானைத் தேடுபவர்களுக்கு 10×42. 56-ஐ எட்டால் வகுத்தால் ஒளி வட்டம் 7 மி.மீ. இளவட்டத்தின் கண் பாப்பா இருட்டில் அவ்வளவு விரியும். ஐம்பத்து மூன்று வயதில் என் கண் 5 மி.மீ. விரிந்தாலே பெரிய காரியம், மீதி வெளிச்சம் கருவிழியில் விழுந்து வீண். 10×42-க்கு 4.2 மி.மீ. 8×42-க்கு 5.25. சட்டையைப் போலத்தான், அளவு எனக்குச் சரியாக இருந்தால் போதும். பத்து மடங்கில் கை நடுக்கமும் பத்து மடங்காகத் தெரியும் என்பதை ஏற்கெனவே அந்தத் தலைவலிப் பெட்டியில் பார்த்திருந்தேன்.

கடைசியில் வாங்கியது நிகான் மோனார்க் எம்5, 8×42. ஒரு நல்ல பழைய டிவிஎஸ் எக்ஸெல் வாங்கும் காசு. வீட்டில் விலையைச் சொல்லவில்லை. இதைப் படித்தால் தெரிந்துகொள்ளட்டும்.

கையில் வாங்கியதும் ஆட்டினேன். கீல் ஒரே இறுக்கமாக மடங்குகிறது, பாதியில் தளர்ச்சி இல்லை. ஃபோகஸ் சக்கரத்தைச் சுண்டு விரலால் முன்னும் பின்னும் தள்ளினேன். திசை மாற்றும்போது வெறுமனே சுற்றும் அந்தக் கால் சுற்று, எங்கள் பாஷையில் பேக்லாஷ், இல்லவே இல்லை. எண்ணெயில் தோய்த்த மாதிரி நகர்கிறது. மின்கம்பச் சோதனையில் சட்டம் இரண்டும் ஒரே கோடு. வெர்னியரும் வந்தது, வராமல் இருக்குமா. ஒளி வட்டம் 5.2, கம்பெனி சொன்னது 5.3. என் டிரேசிங் பேப்பர் முறைக்கு இது போதும், மதிப்பெண் கொடுத்துவிட்டேன்.

கண்ணாடி போடுகிறவர்கள் விளம்பரத்தில் மடங்குகளைப் பார்ப்பதை விட்டுவிட்டு ஐ ரிலீஃப் என்ற எண்ணைத் தேடுங்கள். பின் லென்ஸிலிருந்து கண் அதிகபட்சம் எவ்வளவு தள்ளி இருந்தால் முழு வட்டமும் தெரியும் என்ற கணக்கு அது. 15 மி.மீ.-க்குக் கீழே போனால் கண்ணாடியோடு பார்க்கும்போது சாவித்துவாரம் வழியாகப் பார்ப்பது மாதிரி இருக்கும். இதில் 19.5. எனக்கு மைனஸ் மூன்றரை பவர், கண் வைக்கும் பக்கத்து வளையத்தை, ஐகப்பை, உள்ளே திருகிவிட்டுக் கண்ணாடியைக் கழற்றாமல் பார்க்கிறேன். பழைய இரண்டிலும் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி இறக்கியே பாதிப் பறவை பறந்து போயிருக்கிறது. எடை 630 கிராம். ஒரு மணி நேரம் கழுத்தில் தொங்கினால் தெரியத்தான் செய்யும், வலிக்காது.

குறை என்றால் பார்வைப் பரப்பு. ஆயிரம் மீட்டர் தள்ளி 112 மீட்டர் அகலம் தெரிகிறது. இதே கம்பெனியின் விலை குறைந்த புரோஸ்டாஃப் பி3, 8×42-ல் 126 மீட்டர். கண்மாய்க்கு மேலே மீசை ஆலாக்கள் திரும்பித் திரும்பிப் பறக்கும்போது அந்தப் பதினாலு மீட்டருக்கு மனசு ஏங்கும். ஆனால் எம்5-ல் நிறம் சிதறாத ஈடி கண்ணாடி இருக்கிறது. வெள்ளை வானத்தில் காக்கை உட்கார்ந்திருந்தால் மட்டமான கண்ணாடி அதன் விளிம்பில் ஊதாக் கோடு இழுக்கும். இதில் அது அநேகமாக இல்லை. அரிட்டாபட்டியில் அதன் பலன் தெரிந்தது. சமணப் படுக்கை இருக்கும் மலையின் பாறை விளிம்பில் ஒரு வல்லூறு. லகர் வகையா, ஷாஹீன் வகையா? வெயில் முதுகுக்குப் பின்னால் இருந்தது. கறுத்த தலை, வயிறு செம்பழுப்பு. ஷாஹீன். காலில் எதையோ அழுத்திக்கொண்டு இறகு பிடுங்கிக்கொண்டிருந்தது, ஒவ்வொரு இறகும் காற்றில் போவது தெரிந்தது. 2022-ல் அந்த ஊரைத் தமிழ்நாட்டின் முதல் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமாக அறிவித்தார்கள். அப்புறம் டங்ஸ்டன் சுரங்கத்துக்கு ஏலம் என்று கிளம்பி, ஊரே திரண்டு, 2025 ஜனவரியில் அந்த ஏலம் ரத்தானது. அந்த வல்லூறுக்கு இதெல்லாம் தெரியாது, அது பாட்டுக்கு இறகு பிடுங்கியது.

ஒருமுறை சாமநத்தத்தில் வெளியூரிலிருந்து வந்த ஒருவர் தன் ஸ்வரோவ்ஸ்கி என்.எல். ப்யூரை இரண்டு நிமிஷம் கொடுத்தார். லட்சக்கணக்கில் விலை. அதில் 159 மீட்டர் அகலம், ஓரம்வரை கூர்மை. கரண்டிவாயன் கூட்டத்தை ஒரே பார்வையில் அள்ளிவிடலாம். திருப்பிக் கொடுக்கும்போது கை கொஞ்சம் தயங்கியது, அவ்வளவுதான். பத்தாயிரத்தைத் தாண்ட முடியாதவர்கள் மனம் தளர வேண்டாம்: பழைய பாணியில் தோள் அகன்ற போரோ வகையை வாங்குங்கள், ஒலிம்பஸ் 8×40 மாதிரி. நேர்க்குழல் வகையில் பிரிசத்துக்குள் வெளிச்சம் இரண்டாகப் பிரிந்து சேரும்போது கொஞ்சம் கலங்கும், அதைச் சரிசெய்யத் தனிப் பூச்சு வேண்டும், அதற்குத் தனிக் காசு. போரோவுக்கு அந்தத் தொல்லையே இல்லை. மழையில் நனைக்க மட்டும் கூடாது. எம்5-க்குள் நைட்ரஜன் அடைத்திருப்பதால் உள்ளே பனி படியாது, தூறலுக்கும் பயமில்லை. எதுவானாலும் வேட்டி நுனியால் துடைக்காதீர்கள். முதலில் ஊதித் தூசியைத் தள்ளுங்கள், நம்ம ஊர்த் தூசி எமரித் தாள்தான்.

இனி மாமா. தாய்மாமா, நத்தம் பக்கம், எண்பதை நெருங்குகிறார். சட்டம் வருவதற்கு முன்னால் நாட்டுத்துப்பாக்கியோடு முயலுக்கு அலைந்த ஆள். பங்குனியில் கடலை பிடுங்கும் நேரம் போயிருந்தேன். கழுத்தில் தொங்குவதைப் பார்த்ததும் கேட்டார்.

"என்ன மாப்ள, வேட்டைக்கா?"

"கொக்கு குருவி பாக்க மாமா."

"இம்புட்டுக் காசு போட்டுக் கொக்கா?"

சாயங்காலம் மோட்டார் ரூம் திண்ணையில் உட்கார்ந்தோம். பொழுது இறங்கி இருபது நிமிஷம் ஆகியிருக்கும். வரப்புக்கு அந்தப் பக்கம் கருவேல மர ஓரத்தில் ஏதோ அசைந்தது. வெறுங்கண்ணுக்குக் கறுப்புக்குமேல் கறுப்பு. சோதனைக்கென்று அந்தத் தலைவலிப் பெட்டியையும் கொண்டுபோயிருந்தேன், அதில் பார்த்தால் அந்தக் கறுப்பு பெரிதாகத் தெரிந்தது, வேறொன்றும் இல்லை. எம்5-ஐ எடுத்தேன். தாய்ப்பன்றியின் முதுகு மயிர் தெரிந்தது. அதன் பின்னால் குட்டிகள், உடம்பில் வெள்ளரிக்காய் மாதிரி நீளக் கோடுகளோடு. பேசாமல் மாமாவிடம் நீட்டினேன்.

அவர் கண்ணில் வைத்துச் சக்கரத்தைத் துழாவினார். ரொம்ப நேரம் பேச்சே இல்லை. உதடு மட்டும் எண்ணிக்கொண்டிருந்தது.

"ஏழு. ஒண்ணு நொண்டுது."

எனக்கு நொண்டுவது தெரியவே இல்லை. பாதிக் கண்புரை உள்ள மனுஷனுக்குத் தெரிந்திருக்கிறது. பன்றிகள் கடலைக்குள் இறங்கிய பிறகுதான் தகரத்தைத் தட்ட வேண்டும் என்ற ஞாபகமே இருவருக்கும் வந்தது. முப்பது செடி போயிருக்கும், அத்தை திட்டினார்.

அதிலிருந்து நான் போகும்போதெல்லாம் மோனார்க் திண்ணைக்குப் போய்விடுகிறது. இரண்டு கண்ணுக்கும் உள்ள பவர் வித்தியாசத்தைச் சரிசெய்யும் டையாப்டர் வளையத்தை அவர் தன் வலது கண்ணுக்கு ஏற்பத் திருப்பி வைத்துவிடுவார், நான் கண்மாயில் எடுத்துப் பார்த்தால் மங்கலாக இருக்கும். போன வாரம் பட்டறையில் மெல்லிய தூரிகையால் வளையத்தின் ஓரம் இரண்டு பெயிண்ட் புள்ளி வைத்தேன். வெள்ளை எனக்கு, சிவப்பு மாமாவுக்கு.