ஐந்து பிளேடா, ஒரே பிளேடா?

வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து பல பிளேடு வைத்த தலையைக் கழற்றி மாற்றும் கார்ட்ரிட்ஜ் ரேசர்தான் எனக்கு. இப்போது மூன்று வருடமாக, அப்பா காலத்து ரேசர் மாதிரி இரண்டு பக்கமும் வெட்டும் பிளேடைப் போட்டு மூடித் திருகும் சேஃப்டி ரேசர். மாறியதற்குக் காரணம் பழமை மேல் ஆசையெல்லாம் இல்லை, கழுத்துக் கொப்புளம்.

கார்ட்ரிட்ஜில் முதல் பிளேடு முடியைப் பிடித்துக் கொஞ்சம் வெளியே இழுக்கும், அது உள்ளே திரும்புவதற்குள் பின்னால் வரும் பிளேடு வெட்டிவிடும். அந்த வழவழப்பு அப்படித்தான் வருகிறது. ஆனால் வெட்டுப்பட்ட முனை தோலுக்கு அடியில் போய் நிற்பதால், என்னைப் போன்ற சுருட்டை முடிக்காரர்களுக்கு அது வெளியே வராமல் உள்ளேயே வளைந்து வளரும், அப்புறம் கொப்புளம், கறுப்புத் தழும்பு. ஒற்றை பிளேடு தோல் மட்டத்தோடு விட்டுவிடும். மாலையில் தாடை லேசாகச் சொரசொரக்கும், இருக்கட்டும்.

வேகம் என்று பார்த்தால் கார்ட்ரிட்ஜை அடிக்க முடியாது. அதன் தலை தானாகவே வளைந்து கொடுக்கும், அரைத் தூக்கத்தில் கூட ஷேவ் செய்யலாம். சேஃப்டி ரேசரை ஏறக்குறைய 30 டிகிரி சாய்வில் பிடித்து, அழுத்தாமல், அதன் எடையிலேயே இறங்க விட வேண்டும். இந்த "அழுத்தாமல்" பழகுவதற்குள் மோவாயில் நான்கைந்து வெட்டு வாங்கினேன். ஆனால் மூக்குக்குக் கீழே மீசை ஓரத்தில் ஐந்து பிளேடு தடுமாறும், 2006இல் வந்த ஜில்லெட் ஃபியூஷனின் முதுகில் தனியாக ஒரு பிளேடு வைத்திருப்பதே அந்த இடத்துக்காகத்தான்!

செலவைச் சொல்லவே வேண்டாம். நல்ல கார்ட்ரிட்ஜ் ஒன்று வாங்கும் காசில் மாதக்கணக்கில் பிளேடு ஓட்டலாம். சலூன்காரர் அதே பிளேடை இரண்டாக உடைத்து இரண்டு பேருக்குப் போடுகிறார்.

இரண்டுக்கும் நடுவில் ஒன்று இருக்கிறது, யாரும் மதிப்பதில்லை: 2010இல் இந்தியாவுக்கென்றே வந்த ஜில்லெட் கார்ட் (Guard). வந்தபோது ரேசர் 15 ரூபாய், கார்ட்ரிட்ஜ் 5 ரூபாய், உள்ளே ஒரே பிளேடு. குழாயைத் திறந்துவிடாமல் குவளைத் தண்ணீரில் முக்கி ஷேவ் செய்கிறவர்களை மனதில் வைத்துச் செய்தது, அதனால் இடுக்கில் முடி அவ்வளவாக அடைக்காது. உங்களுக்குக் கொப்புளத் தொல்லையும் இருந்து, வெட்டுக்கும் பயம் என்றால் இதையே வாங்குங்கள்.

நுரையில் எனக்குச் சந்தேகமே இல்லை, பிரஷ்தான். டப்பா நுரை பார்க்கப் பொங்கி நிற்கும், பாதிக்கு மேல் காற்று. பிரஷ்ஷால் க்ரீமைத் தேய்க்கும் இரண்டு நிமிடத்தில் முடி தண்ணீர் குடித்து மெத்தென்றாகிவிடும். கார்ட்ரிட்ஜை விட மனசில்லாதவர்கள் இதை மட்டுமாவது மாற்றிப் பாருங்கள், பாதி எரிச்சல் குறையும்.

கடைசியில் பூசுவதற்கு, நாட்டு மருந்துக் கடைப் படிகாரக் கல்லை நனைத்து ஒரு தேய். சின்ன வெட்டில் ரத்தம் நிற்கும், எங்கே அதிகம் அழுத்தினோம் என்பதும் சுரீரென்று தெரிந்துவிடும். ஆஃப்டர் ஷேவில் வாசனைதான் கூடுதல், ஆல்கஹால் உள்ளது தோலை வறட்டும்.

பயணத்தில் மட்டும் கதை மாறும். விமானத்தில் கைப்பையில் தனி பிளேடை விடமாட்டார்கள், அதனால் பழைய கார்ட்ரிட்ஜ் கைப்பிடி இன்னும் என் பையில்தான் கிடக்கிறது.